ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு சாப்பாட்டு பார்சல்: என்ன செய்யணும், எப்படி கட்டணும், எப்ப அனுப்பணும்

எங்க மக 2022ல டெல்லிக்குப் படிக்கப் போனா. நாங்க சாத்தூர் பக்கம். முதல் பார்சல்ல நான் வச்சது முறுக்கு, அதிரசம், காராச்சேவு, மைசூர்பாகு, அல்வா, எல்லாம் சேத்து 5 கிலோ, என்னமோ தீபாவளிக்குத் தெரு பூரா குடுக்கப் போற மாதிரி. போய்ச் சேந்த மூணாவது நாள் போன் பண்ணி "எல்லாம் காலிம்மா, சூப்பர்"ன்னா. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அடுத்த வாரமே அதே போன்ல "மெஸ் சோறு எறங்க மாட்டேங்குதும்மா"ன்னு அழுகை. அப்பதான் எனக்கு ஒறச்சது, நான் அனுப்புனது பூராம் தீனி, புள்ளைக்கு வேண்டியிருந்தது சோத்துக்கு ஒரு துணை.

அங்க மெஸ்ல காலைல பராட்டா இல்லைன்னா பிரெட், மத்தியானம் ராஜ்மாவோ சோலேவோ கூட சோறு, ராத்திரி ரொட்டி சப்ஜி. சோறு கெடைக்குது, அந்தச் சோத்துல ஊத்திப் பெசைய நம்ம ஊரு ருசிதான் கெடைக்கல. அதனால நான் இப்ப பார்சல் கட்டுறது இப்படித்தான்: முக்கால்வாசி சோத்துக்கும் ரொட்டிக்கும் போட்டுக்கிற பொடி, புளிக்காய்ச்சல், தொக்கு. கால்வாசி மட்டும் பலகாரம். மூணு வருஷத்துல ஒரு பதினஞ்சு பார்சலாவது அனுப்பிருப்பேன், சொதப்புனதும் உண்டு, அதையும் சேத்தே சொல்றேன்.

முதல் வேலை: அடுப்பைப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி போன்ல கேக்க வேண்டியது

மெஸ்ல சோறு தினமும் போடுறாங்களா, சூடா இருக்குமா? ரூம்ல கெட்டில் வச்சுக்க விடுறாங்களா? நெறைய ஹாஸ்டல்ல இண்டக்ஷன் அடுப்பு கூடாதுன்னு சொல்லிருவாங்க, கெட்டிலுக்கு மட்டும் சில எடத்துல கண்டுக்க மாட்டாங்க. ஃப்ரிட்ஜ் இருக்கா? பொது ஃப்ரிட்ஜ்னா அதுல வைக்கிறது ஊருக்குப் பந்தி வைக்கிற மாதிரிதான், இல்லைன்னே வச்சுக்கோங்க. ரூம்மேட் எத்தன பேர்? சைவ ஹாஸ்டலா? கருவாட்டுப் பொடி, எறா பொடி அனுப்புற பழக்கம் இருந்தா இதைக் கேக்காம அனுப்பாதீங்க, அடுத்த ரூம்காரங்க வாசத்துக்கே வார்டன்கிட்ட போய் நிப்பாங்க, நம்ம புள்ளைதான் தலைகுனிஞ்சு நிக்கும்.

இதுல ரொம்ப முக்கியம், அடுத்த ரெண்டு வாரம் புள்ள ஹாஸ்டல்லதான் இருக்கா இல்ல லீவுக்கு எங்கயாவது போறாளான்னு கேக்குறது. நான் ஒருதடவை ஹோலி சமயம்னு யோசிக்காம அனுப்பிட்டேன், அவ ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிட்டா, பார்சல் ஆறு நாள் கேட்ல கெடந்துச்சு. எறும்புக்கு அன்னைக்கு விருந்து.

ரெண்டாவது: பொடி வகை, இதுலதான் மெனக்கெடணும்

பருப்புப்பொடிதான் ராஜா. நான் போடுற அளவு: துவரம்பருப்பு 200 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், மிளகா வத்தல் 10, மிளகு 1 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், பெருங்காயக் கட்டி சின்னதா ஒண்ணு, கல்லுப்பு. பூண்டு வேணும்னா 8 பல், தோலோட வெறும் சட்டியில போட்டு மொறுமொறுன்னு ஆகுற வரைக்கும் வறுக்கணும், நடுவுல கொஞ்சம் ஈரம் இருந்தாக்கூட பொடி சீக்கிரம் வாடை வந்துரும். ஒரு மாசத்துக்கு மேல நிக்கணும்னா பூண்டே வேண்டாம்.

துவரம்பருப்பைச் சின்னத் தீயில பத்துப் பன்னெண்டு நிமிஷமாவது வறுங்க. கலர் மட்டும் பாத்து எறக்கிராதீங்க, வெளிய செவந்து உள்ள பச்சையா இருக்கும். ஒரு பருப்பை எடுத்து ஆற வச்சு கடிச்சுப் பாருங்க, கடக்குன்னு ஒடையணும், பல்லுல ஒட்டுனா இன்னும் வறுக்கணும். பொட்டுக்கடலைய அடுப்ப அணைச்சப்புறம் அந்தச் சூட்டுலயே போட்டுப் பெரட்டுனா போதும். கல்லுப்பையும் சட்டியில போட்டு ஒரு பெரட்டு பெரட்டுங்க, உப்புல இருக்கிற ஈரம் போகட்டும். இத நெறைய பேர் செய்யறதில்ல, பெறகு பொடி கட்டி கட்டியா ஆயிருச்சும்பாங்க.

அரைச்சதும் பொடி மிக்ஸி சூட்டுல வெதுவெதுன்னு இருக்கும். அப்படியே டப்பாவுல போட்டா உள்ள வேர்த்துரும். தாம்பாளத்துல பரப்பி அரை மணி நேரம் விடுங்க. பேப்பர்ல கொட்டாதீங்க, மை ஒட்டும், தின்பண்டத்தை நியூஸ்பேப்பர்ல வைக்கக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐயே சொல்லிருக்கு.

இட்லிப்பொடிய நான் முதல்ல அனுப்பல, அங்க ஏது இட்லின்னு நெனச்சேன். பெறகு அவதான் சொன்னா, நெய்யில கொழச்சு ரொட்டில தடவிச் சுருட்டித் தின்னா காலைல பராட்டாவே வேண்டாமாம். பிரெட்லயும் தடவிக்கிறாங்க. இப்ப அவ ரூம்மேட் பஞ்சாபிப் பொண்ணு எனக்கே போன் பண்ணி "ஆன்ட்டி பொடி"ன்னு கேக்குது. எள்ளு கொஞ்சம் தூக்கலாப் போட்டா ரொட்டிக்கு நல்லா சேருது.

கறிவேப்பிலப் பொடிக்கு எலைய அலசி வெள்ளைத் துணியில ஒரு நாள் முழுக்க நெழல்ல காய விடணும், வறுத்து எடுத்தா கையில நொறுங்கணும். மழை நாள்ல இத ஆரம்பிக்காதீங்க, அவ்ளோதான்.

அளவு எவ்ளோ? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன், பத்து கிராம்னு வச்சா மாசத்துக்கு 300 கிராம். ஆனா ஹாஸ்டல்ல யாரும் தனியா திங்கிறதில்ல. 500 கிராமா அனுப்புங்க, அதையும் ஒரே பாக்கெட்டாப் போடாம மூணா பிரிச்சுப் போடுங்க, ஒண்ணு தீந்தப்புறம் அடுத்தத ஒடைக்கட்டும், வாசம் போகாது.

மூணாவது: புளிக்காய்ச்சல், தொக்கு

புளிக்காய்ச்சல் கெடாம இருக்கிறதுக்கு காரணம் புளியோட புளிப்பு, உப்பு, நல்லெண்ணெய், அப்புறம் தண்ணி வத்துனது. இதுல நாலாவதுதான் எல்லாரும் கோட்டை விடுறது.

பழைய புளி 100 கிராம், வெந்நீர்ல ஊற வச்சு கெட்டியா கரைச்சுக்கோங்க, ரெண்டு கப்புக்கு மேல தண்ணி வேண்டாம், ஊத்துறத பூராம் நாமதான் வத்த வைக்கணும். நல்லெண்ணெய் 100 மில்லி காய வச்சு கடுகு, கடலைப்பருப்பு, வத்தல் 10, பெருங்காயம், கறிவேப்பிலை தாளிச்சு மஞ்சள்பொடி உப்பு போட்டு கரைசலை ஊத்தி கொதிக்க விடுங்க. முதல் இருபது நிமிஷம் சும்மா விட்டுரலாம், அதுக்கப்புறம் பக்கத்துலயே நிக்கணும், கொதி மேல தெறிக்கும், முழுக்கை சட்டை போட்டுக்கிட்டாலும் தப்பில்ல. வெந்தயம் ஒரு டீஸ்பூன் வறுத்துப் பொடிச்சு கடைசில, வெல்லம் கோலிக்குண்டு அளவு.

எண்ணெய் பிரிஞ்சிருச்சுன்னு எறக்கிராதீங்க. ஒரு சொட்டு எடுத்து எவர்சில்வர் தட்டுல விட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சு தட்டைச் சாய்ங்க. சொட்டைச் சுத்தி தண்ணி வட்டம் கட்டுனா இன்னும் ஈரம் இருக்கு, திரும்ப அடுப்புல வைங்க. எண்ணெய் மட்டும் வழிஞ்சு புளி அப்படியே அப்பிக்கிட்டு நின்னா சரி. எங்க அம்மா இதத்தான் பாப்பாங்க, கடிகாரம் பாக்க மாட்டாங்க.

நிலக்கடலைய இதுக்குள்ள போடாதீங்க. நமத்துப் போயிரும், நாள் ஆக ஆக சிக்கு வாடையும் வரும். தனியா வறுத்து சின்ன கவர்ல போட்டு அனுப்புங்க, சோறு பெசையும்போது அவங்களே போட்டுக்கட்டும்.

தக்காளித் தொக்குக்கு ஒரு கிலோ தக்காளி போட்டா கால் கிலோ சொச்சம்தான் மிஞ்சும், அந்த அளவுக்கு சுண்டணும், கொஞ்சம் புளியும் சேத்துக்கோங்க. அப்படியும் நான் தொக்கைக் குளிர்காலத்துல மட்டுந்தான் அனுப்புறேன், ரெண்டு வாரத்துல முடிச்சிரணும்னு சொல்லித்தான். பச்சப் பூண்டை எண்ணெய்ல போட்டு ஊற வச்சு அனுப்புற பழக்கம் சிலருக்கு இருக்கு, அது வேண்டவே வேண்டாம். காத்துப் படாத எண்ணெய்க்குள்ள பூண்டு கெடந்தா விஷக் கிருமி வளரும், வாடையோ கலர் மாத்தமோ கூட காட்டாது.

தேங்கா அரைச்சது, தேங்கா துருவிப் போட்டது எதுவும் கூடாது. இத நீங்களே அறிவீங்க, ஆனா பாசத்துல மறந்துருவோம்.

நாலாவது: பலகாரம், எது தாங்கும் எது தாங்காது

ருசியப் பாக்காம ஒடைசலைப் பாத்து வரிசை போட்டா இப்படி வரும். சீடை கல்லு மாதிரி போய்ச் சேரும். தட்டையக் காசு அடுக்குற மாதிரி அடுக்கி டிஷ்யூ பேப்பர்ல உருளையா சுத்துனா தப்பிச்சிரும். சேவு ஒடைஞ்சாலும் சேவுதான், அதனால கவலையே இல்ல, அதுலயும் எங்க ஊர் காராச்சேவுக்கு மேல சேவு கெடையாதுன்னு சொல்லித்தான் ஆகணும். முறுக்கு பாதி ஒடைஞ்சுதான் போகும், மணப்பாறை முறுக்குக்கு 2023ல புவிசார் குறியீடு கெடைச்சிருக்கலாம், ஆனா பார்சல் வண்டிக்கு அது தெரியாது. ரவா லட்டு போகுறப்ப லட்டு, சேருறப்ப ரவை.

உருண்டை அனுப்பணும்னா பொருவிளங்கா உருண்டை. பல்லுக்குத்தான் சவால், மத்தபடி ஒரு மாசம் ஆனாலும் அசையாது, பரீட்சை நேரத்துல ராத்திரி ஒண்ணு வாயில போட்டுட்டா அரை மணி நேரம் ஓடும். கடலை மிட்டாயும் நல்லது, கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020ல புவிசார் குறியீடு வாங்குனது, கரிசக்காட்டுக் கடலையும் வெல்லப் பாகும். மழைக்காலத்துல கசியும், அதனால அஞ்சஞ்சா தனித்தனி கவர்.

திருநெல்வேலி அல்வா நெய் நெறைய இருக்கிறதால ஒரு வாரப் பயணம் தாங்கும், கவருக்கு மேல கவர் போடணும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆசை எல்லாருக்கும் இருக்கும். பால் பண்டம், வெயில் நேரத்துல பார்சல்ல போடவே கூடாது. யாராவது கையோட எடுத்துட்டுப் போனா குடுத்து விடுங்க. டெல்லில மே ஜூன்ல வெயில் 45 டிகிரி வரைக்கும் போகுது, பார்சல் வேனுக்குள்ள என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க.

கெட்டில் இருக்கிற பிள்ளைக்கு இன்னும் ரெண்டு ஐட்டம். ஒண்ணு அவல் உப்புமா மிக்ஸ்: மெல்லிசு அவலை வறுத்து, தாளிப்பும் வறுத்த கடலையும் உப்பும் கலந்து 60 கிராம் 60 கிராமா சின்ன கவர்ல போட்டுருங்க, கிண்ணத்துல கொட்டி நனையுற அளவுக்கு வெந்நீர் ஊத்தி மூடி வச்சா அஞ்சு நிமிஷத்துல ரெடி. ரவையை விட இது நம்பகமானது, ரவை சில நேரம் வேகாம நறநறன்னு நிக்கும். இன்னொண்ணு சுக்கு மல்லிப் பொடி, டிசம்பர் ஜனவரி குளிருக்கு, கருப்பட்டிய நுணுக்கித் தனியா. இருமல்னு போன் வந்தா நமக்கு இங்க தூக்கம் வரணும்ல.

நல்லெண்ணெய், நெய் அனுப்பாதீங்க. இது எனக்கு நஷ்டப்பட்டு வந்த புத்தி. அரை லிட்டர் செக்கெண்ணெயை பாட்டில்ல ஊத்தி மூடியச் சுத்தி டேப் ஒட்டி ஒரு கூரியர்ல அனுப்புனேன், அவங்க எப்படித் தூக்கிப் போட்டாங்களோ, பாட்டில் மூடி பிளந்து, பெட்டி அடி ஊறி, அவ கேட்டான்னு வச்சிருந்த ரெண்டு புது சுடிதாரும் எண்ணெய்க் குளியல். கேட்டா "லிக்விட் அனுப்பக் கூடாதுன்னு ஃபார்ம்ல இருக்கே மேடம்"ங்கிறாங்க. ஃபார்மை யார் படிச்சா. டெல்லில ஐஎன்ஏ மார்க்கெட், முனிர்கா பக்கமெல்லாம் நம்ம ஊர் சாமான் விக்கிற கடைங்க இருக்கு, நல்லெண்ணெய் அப்பளம் எல்லாம் அங்கேயே கெடைக்கும், ஜிபேல காசு போட்டு விட்டா முடிஞ்சது. நெய் எங்கயும் கெடைக்கும்.

அஞ்சாவது: கட்டுறது

எல்லாம் நல்லா ஆறணும். முறுக்கு சுட்ட அன்னைக்கே கட்டாதீங்க, காலைல சுட்டா சாயந்தரம் டப்பாவுல போட்டு மறுநாள் ஒண்ணு கடிச்சுப் பாத்துட்டுக் கட்டுங்க. நமத்திருந்தா இங்கேயே தெரிஞ்சிரும்.

புளிக்காய்ச்சலுக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம், கனமும் கூட, ஒடையும். வாய் அகலமான கெட்டி பிளாஸ்டிக் டப்பா, நல்லா காய்ஞ்சது. நெறைச்சு ஊத்தாம ஒரு விரல்கடை எடம் விடுங்க. வாய் மேல கிளிங் ஃபிலிம் ரெண்டு சுத்து வச்சு அதுக்கு மேல மூடியத் திருகி, மூடியும் டப்பாவும் சேர்ற எடத்துல டேப் ஒட்டி, மொத்தத்தையும் ஒரு ஜிப் கவர்ல போட்டு காத்த எடுத்து மூடி, இன்னொரு கவர்ல தலைகீழாப் போடுங்க. ராத்திரி முழுக்க தாம்பாளத்துல கவுத்து வச்சுப் பாருங்க. காலைல கவர்ல எண்ணெய்ப் பிசுக்கு தெரிஞ்சா டப்பாவ மாத்துங்க.

பெட்டிய அஞ்சு அடுக்கு அட்டையா வாங்குங்க. கனமானது அடியில, பொடி பாக்கெட் நடுவுல, பலகாரம் மேல. சந்து பொந்துல அடைக்க எல்லாரும் பேப்பரைக் கசக்கி வைப்பாங்க, நான் பொரி வைக்கிறேன். காரப்பொரி தாளிச்சு சின்னச் சின்ன கவர்ல உப்பலா கட்டி, தலகாணி மாதிரி சுத்தி அடைச்சிருவேன். எடை ஒண்ணும் ஏறாது, அடியும் தாங்கும், அங்க போய் அதையும் தின்னுருவாங்க. கடைசில பெட்டிய மூடி காதுகிட்ட வச்சு ஆட்டுங்க, லொடலொடன்னு கேட்டா இன்னும் ரெண்டு பொரி பாக்கெட் வேணும்னு அர்த்தம்.

பெட்டி அளவுல கவனம். நெறைய கூரியர்ல எடைய மட்டும் பாக்க மாட்டாங்க, நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுப்பாங்க, எது கூடவோ அதுக்கு காசு. 40க்கு 30க்கு 30 பெட்டின்னா 7.2 கிலோ கணக்கு, உள்ள 3 கிலோ முறுக்குதான் இருந்தாலும். அதனாலயும்தான் பொடிக்கு ஓட்டு போடுறேன், சின்னப் பெட்டியில நெறைய போகும்.

உள்ளயும் ஒரு சீட்டுல பேர், ஹாஸ்டல், ரூம் நம்பர், போன் நம்பர் எழுதிப் போடுங்க, வெளிய ஒட்டுனது கிழிஞ்சாலும் பிழைக்கும். ஒவ்வொரு பாக்கெட்லயும் என்ன பொடி, என்னைக்கு செஞ்சதுன்னு மார்க்கர்ல எழுதுங்க. எங்க மக ஒரு யோசனை சொன்னா, "அம்மா தமிழ்ல மட்டும் எழுது, புளிக்காய்ச்சல்ல கஷாயம்னு எழுது." ஆறு மாசம் அது செல்லுபடியாச்சு, அப்புறம் எதிர் ரூமுக்கு ஒரு மதுரைப் பொண்ணு வந்துருச்சு.

அந்த விஷயத்துல ஒண்ணு சொல்லணும், பார்சல் வந்துச்சுன்னா அந்த வரிசை ரூமே கூடிரும், அத தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது, தனியா ஒக்காந்து தின்னா அந்த முறுக்கு எறங்காது. அதனால பெட்டி மேல் அடுக்குல பொதுவுக்குன்னு ஒரு பெரிய சேவு பாக்கெட். தொறந்ததும் அதுதான் கண்ணுல படணும். பொடி எல்லாம் அதுக்குக் கீழ.

ஆறாவது: அனுப்புறது

நான் பெரும்பாலும் ஸ்பீட் போஸ்ட்தான். 35 கிலோ வரைக்கும் எடுப்பாங்க, ரசீதுல இருக்கிற 13 எழுத்து நம்பர், கடைசில ஐஎன்னு முடியும், அத வச்சு பார்சல் எங்க நிக்குதுன்னு போன்லயே பாக்கலாம். அந்த நம்பரை உடனே பிள்ளைக்கு வாட்ஸ்அப் பண்ணிருங்க. திங்க, செவ்வாய்ல போடுங்க, வெள்ளி சனிக்கெழம போட்டா ஞாயித்துக்கெழம எங்கயாவது ஒரு குடோன்ல ஒக்காந்துரும்.

ஊர்ல இருந்து யாராவது போனா அதைவிட நல்லது. கன்னியாகுமரில கெளம்புற திருக்குறள் எக்ஸ்பிரஸ் மதுரை வழியா டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் போகுது, ஆனா கிட்டத்தட்ட ரெண்டு நாள் பயணம், போறவங்ககிட்ட 2 கிலோவுக்கு மேல சுமை ஏத்தாதீங்க, அவங்களுக்கும் புள்ள குட்டி பெட்டி இருக்கும். ஃப்ளைட்ல போறவங்கன்னா ஊறுகா, புளிக்காய்ச்சல், நெய் எதுவும் கைப்பையில வேண்டாம், செக்யூரிட்டில எடுத்து வச்சிருவாங்க, பெரிய பெட்டியில போடச் சொல்லுங்க. முழுக் கொப்பரை பெட்டியில கூட போடக்கூடாது, தீப்பிடிக்கிற சாமான் கணக்குல வச்சிருக்காங்க.

ஏழாவது: போய்ச் சேந்தப்புறம்

பிள்ளைகிட்ட மூணே மூணு விஷயம் சொல்லுங்க, அதுக்கு மேல சொன்னா கேக்காது. ஈர ஸ்பூன் போடக்கூடாது. புளிக்காய்ச்சல் எடுத்தப்புறம் மேல எண்ணெய் மூடுற மாதிரி சமன் பண்ணி வைக்கணும். பூஞ்சை தெரிஞ்சா அந்த எடத்த மட்டும் எடுத்துப் போட்டுட்டு திங்காம டப்பாவோட தூக்கிப் போடணும், அம்மா திரும்ப செஞ்சு அனுப்புவேன்னு சொல்லிருங்க. ஜன்னலைத் தொறந்து போட்டுட்டு கிளாஸுக்குப் போகாதன்னும் நான் சேத்துக்கிறது உண்டு, டெல்லிக் குரங்குக்கு நம்ம அதிரசம் புடிச்சுப் போச்சு.

அப்புறம் டப்பா. நல்ல எவர்சில்வர் சம்புடம், கல்யாணத்துக்கு வந்த பேர் வெட்டுன டப்பா எதையும் அனுப்பாதீங்க. மூணு வருஷத்துல என் டப்பா எட்டு போச்சு, திரும்பி வந்தது ஒண்ணு. அதுவும் மூடி வேற யாரோடதோ.